மேதை வாதாடியதால் நியாயமாகிவிடுமா? அல்லாடியும் வகுப்புவாரி உரிமையும்

சில நாட்களுக்கு முன் திருவாடானையில் நடந்த ஒரு கூட்டத்திற்கு நாம் போயிருந்தோம். கூட்டம் முடிந்ததும் தொண்டிப் பக்கத்துக் கிராமத்து விவசாயத் தோழர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் பிற்பட்ட வகுப்பாருக்கான ஒதுக்கீட்டில் இடம் பெற்று டாக்டருக்குப் படித்து வருகின்றாள். ஒரு நில வழக்குக்காக அவர் கோர்ட்டுக்குப் போய், வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, சட்டம் படித்த ஒருவர் நாலு பேர் முன்னிலையில், “உம்ம மகளுக்குக் கிடைத்தது யோக்கியதையால் வந்த இடமல்ல, சர்க்கார் போட்ட பிச்சை. அரசியல் சட்டத்தை எழுதிய மேதை அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரே இது செல்லாது என்று வாதாடி ஜெயித்திருக்கிறார். அவரைவிடவா உங்கள் ஆட்களுக்குச் சட்டம் தெரியும்?” என்று சொன்னாராம்.

தோழர் நம்மிடம், “அண்ணே, அந்த ஆள் சொன்னது நிஜமா, பொய்யா? நிஜமாயிருந்தால் நான் என்ன பதில் சொல்லுவது? அன்றைக்கு வாயடைத்துப்போய் எழுந்து வந்துவிட்டேன்” என்றார்.

வாதாடியது நிஜம், ஜெயித்ததும் நிஜம் என்று நாம் அன்றைக்கே ஒப்புக்கொண்டோம். ஆனால் அதற்கு முன் நடந்ததையும், பின் நடந்ததையும் விட்டுவிட்டு நடுவிலே ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுவது யோக்கியமான காரியமல்ல. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால் அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கு முழுதுமாகச் சொல்லுகின்றோம். இந்தக் கேள்வி அந்த ஒரு தோழருடைய கேள்வி மாத்திரமல்ல. தன் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கின்ற ஒவ்வொரு குடியானவனையும், கூலிக்காரனையும் பார்த்துக் கேட்கப்படும் கேள்வியாகும்.

முதலாவதாக, அல்லாடி என்பவர் யார்? அவர் 1929 முதல் 1944 வரை, அதாவது 15 வருஷ காலம், சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். அட்வகேட் ஜெனரல் என்றால் சர்க்காருக்குச் சட்ட யோசனை சொல்லி, ஐகோர்ட்டில் சர்க்காருக்காக நின்று வாதாடும் தலைமை வக்கீல் ஆவார். 1942 ஆகஸ்டிலே இதே திருவாடானைச் சிறையை ஜனங்கள் உடைத்துச் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்த சங்கதி இந்தப் பக்கத்துக் கிழவர்களுக்கெல்லாம் தெரியும். அந்த வருஷத்திலும் சென்னை சர்க்காரின் தலைமை வக்கீல் நாற்காலியில் இருந்தவர் இந்த அல்லாடிதான்.

அந்த நாற்காலியின் யோக்கியதையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இதே உத்தியோகத்திற்கு அட்டர்னி ஜெனரல் என்று பெயர். அங்கே பெரும்பாலான ராஜ்யங்களில் ஜனங்களே ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்கின்றார்கள். இங்கே அன்றும் சரி, இன்றும் சரி, மேலிருந்து நியமிப்பதுதான் வழக்கம். சென்னையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் வி. பாஷ்யம் அய்யங்கார். 1916 முதல் 1920 வரை இருந்தவர் எஸ். சீனிவாச அய்யங்கார். பின்னவர் நம் இராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு நிலச்சுவான்தார் வீட்டுப் பிள்ளை, முன்னவருடைய மருமகன். மாமனாரும் மருமகனும் ஒரே நாற்காலியில்! இருவரும் சட்டத்தில் பெரிய கெட்டிக்காரர்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் எந்த வீடுகளிலிருந்து எந்த வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுகின்றோம்.

ஓட்டுப் போட்டு வந்தால் மட்டும் நியாயம் வந்துவிடுமா என்று கேட்டால், அதையும் நாம் சொல்ல மாட்டோம். அமெரிக்காவின் வர்ஜீனியா ராஜ்யத்தில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த அட்டர்னி ஜெனரல் லிண்ட்சே ஆல்மண்ட் என்பவர், கருப்பருக்குத் தனிப் பள்ளிக்கூடம், வெள்ளையருக்குத் தனிப் பள்ளிக்கூடம் என்பதுதான் சரி என்று சுப்ரீம் கோர்ட்டில் நின்று வாதாடினார். 1954ல் அந்தக் கோர்ட்டு அது தப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே சர்க்கார் வக்கீல் என்பவர் நியாயத்தின் அவதாரமல்ல. அவர் ஒரு கட்சிக்காக வாதாடும் மனிதர்தான்.

நிற்க. அல்லாடியின் பெருமையை நாம் குறைத்துப் பேசத் தேவையில்லை. 1883ல் நெல்லூர் ஜில்லா புதூர் என்ற சிறு கிராமத்தில் ஒரு கோவில் அர்ச்சகருடைய மகனாகப் பிறந்தார். சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் படித்து, சட்டப் பரீட்சை கொடுத்து, சொந்த உழைப்பினால் மேலே வந்தவர். 1932ல் “சர்” பட்டம் பெற்றார். 1947 ஆகஸ்டில் அரசியல் சட்டத்தை எழுத அமைக்கப்பட்ட வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவரானார். அக்குழுவின் தலைவரான டாக்டர் அம்பேத்கரே 1949 நவம்பரில் பேசும்போது, தன்னைவிடப் பெரியவர்களும் தகுதி மிகுந்தவர்களும் குழுவில் இருந்தார்கள் என்று சொல்லி, அல்லாடியின் பெயரைக் குறிப்பிட்டார்.

இன்னொன்றையும் நாம் மறைக்காமல் சொல்லவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் ஓட்டு எதற்கு என்று பல படிப்பாளிகள் முகம் சுளித்த காலத்திலே, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்ற ஏற்பாட்டை 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆதரித்துப் பேசியவர்களில் இவரும் ஒருவர். ஜனங்களில் பெரும்பாலோர் படிப்பில்லாதவர்களாய் இருந்தபோதிலும், சாதாரண மனிதனிடத்தில் நிறைந்த நம்பிக்கை வைத்தே சபை இதைச் செய்திருக்கின்றது என்ற கருத்தை அவர் சொன்னார். நல்ல பேச்சு. அதற்காக அவரைப் பாராட்டுகின்றோம். வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வகுப்புவாரி உத்தரவின் கதைக்கு வருவோம். ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை 1921லும் 1922லும் வகுப்புவாரி உத்தரவுகளைப் போட்டது. அவை வெகுநாள் காகிதத்திலேயே தூங்கின. 1928ல் மந்திரியாக இருந்த எஸ். முத்தையா முதலியார்தான் அதற்கு உயிர் கொடுத்தார். 1947 நவம்பரில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் மந்திரிசபை அதைத் திருத்தி, 14 இடங்களிருந்தால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று வகுத்தது. நூற்றுக்குச் சுமார் 3 பேராக இருந்த பார்ப்பன வகுப்பாருக்கும் 14ல் 2 இடம் இருந்தது. அதாவது அவர்கள் தொகையைப்போல் நாலு மடங்குக்கும் மேல். இதைத்தான் அவர்களுக்குச் செய்யப்பட்ட கொடுமை என்றார்கள்!

1950 ஜனவரி 26ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அதே வருஷத்தில் சென்னை ஐகோர்ட்டில் இரண்டு மனுக்கள் போடப்பட்டன. ஒன்று மருத்துவக் கல்லூரி சம்பந்தமாக செண்பகம் துரைராஜன் என்ற அம்மையார் போட்டது. மற்றொன்று பொறியியல் கல்லூரி சம்பந்தமாக சீனிவாசன் என்ற மாணவர் போட்டது. இந்த மாணவருக்காக வாதாடியவர்தான் அல்லாடி. மேற்படி அம்மையார் கல்லூரிக்கு மனுவே போடவில்லை என்பதையும், தான் பார்ப்பனர் என்பதால் இடம் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டே கோர்ட்டுக்கு வந்தார் என்பதையும் சுப்ரீம் கோர்ட்டே கவனித்துச் சொல்லியிருக்கின்றது. மாணவர் சீனிவாசனோ 450க்கு 369 மார்க் வாங்கியவர். அவர் கெட்டிக்காரப் பிள்ளை என்பதில் நமக்குத் தகராறில்லை.

1950 ஜூலை 27ல் ஐகோர்ட்டு வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்றது. சர்க்கார் அப்பீல் செய்தது. 1951 ஏப்ரல் 9ல் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகளும் சேர்ந்து அப்பீலைத் தள்ளினார்கள். அன்றைக்கே, ஜில்லா முன்சீப் உத்தியோகம் 83 இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்டதைப் பற்றிய மற்றொரு வழக்கிலும், ஆதிதிராவிடருக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது தவிர மற்றப் பங்கீடு செல்லாது என்றார்கள். டாக்டர் படிப்பும் போயிற்று, முன்சீப் நாற்காலியும் போயிற்று.

எந்த ஆதாரத்தைக் கொண்டு கல்லூரி வழக்கு ஜெயித்தது? உத்தியோகத்தைப் பொறுத்தவரையில் அரசியல் சட்டத்தின் 16வது பிரிவில், பிற்பட்ட வகுப்பாருக்கு இடம் ஒதுக்கலாம் என்று ஒரு உட்பிரிவு இருந்தது. கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிய 29வது பிரிவிலோ அப்படி ஒன்று எழுதப்படவில்லை. ஜாதியை மாத்திரம் காரணமாகக் கொண்டு எவருக்கும் கல்லூரியில் இடம் மறுக்கக் கூடாது என்று மட்டும் இருந்தது. எளிய மக்களின் கல்வியை சர்க்கார் விசேஷ அக்கறையுடன் வளர்க்க வேண்டும் என்று 46வது பிரிவு சொல்லுகின்றதே என்று சர்க்கார் தரப்பில் கேட்டதற்கு, அது வழிகாட்டும் பிரிவுதான், அடிப்படை உரிமைக்குக் கீழ்ப்பட்டே அது நடக்கவேண்டும் என்று கோர்ட்டு பதில் சொல்லிவிட்டது.

தோழர்களே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். உத்தியோகத்துக்கு இருந்த உட்பிரிவு படிப்புக்கு இல்லை. படிப்பில்லாதவனுக்கு உத்தியோகம் எங்கிருந்து வரும்? ஏணியின் மேல்படியைக் காட்டிவிட்டுக் கீழ்ப்படியை எடுத்துவிட்டதற்கு இது சமானம். இந்தச் சட்டத்தை எழுதிய ஏழு பேரில் ஒருவர், அதிலிருந்த அந்த இடைவெளி வழியாகவே தம் கட்சிக்காரருக்கு வெற்றி தேடிக் கொடுத்தார். வேண்டுமென்றே இடைவெளி வைத்து எழுதினார் என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்குச் சாட்சியம் கிடையாது. சாட்சியமில்லாமல் குற்றம் சாட்டுவது பகுத்தறிவுக்காரனுடைய வேலையல்ல. ஆனால் சாதாரண மனிதனிடத்தில் நிறைந்த நம்பிக்கை வைத்து ஓட்டைக் கொடுத்தோம் என்று 1949ல் பேசியவர், அதே சாதாரண மனிதனுடைய பிள்ளைக்குக் கல்லூரியில் இருந்த பங்கைச் செல்லாது என்று 1950ல் வாதாடியது ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா? நாட்டையே ஆளுவதற்கு ஆளைப் பொறுக்க அவன் யோக்கியன், ஆனால் ஊசி போடக் கற்றுக்கொள்ள அவன் பிள்ளை யோக்கியமற்றவனா?

“வக்கீல் என்றால் கட்சிக்காரனுக்காகத்தானே பேசுவார்? அதற்காக அவரைக் குறை சொல்லலாமா?” என்று சிலர் கேட்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்ளுவோம். ஒரு கட்சிக்காரருக்காக நின்று ஒரு வக்கீல் பேசியதுதான் அது என்றால், டீக்கடையில் அதை “அரசியல் சட்டத்தை எழுதிய மேதையின் தீர்மானம்” என்று எடுத்துக் காட்டுவானேன்? அது தொழில் என்றால் வேதவாக்கல்ல. அது அவருடைய சொந்த அபிப்பிராயம் என்றாலோ, அதற்கு அவர் பொறுப்பாளி. இரண்டில் எதையாவது ஒன்றைச் சொல்லட்டும். குறை சொன்னால் தொழில், எடுத்துக்காட்ட வேண்டுமென்றால் மேதையின் வாக்கு என்று இரண்டு பக்கமும் பேச விடமாட்டோம்.

மேதையின் வாக்குதான் வேண்டுமென்றால், அல்லாடியின் திறமையைப் புகழ்ந்த அதே அம்பேத்கரின் வாக்கையும் கேட்க வேண்டாமா? வரைவுக் குழுவின் தலைவராயிருந்து, 1951ல் சட்ட மந்திரியாக இருந்த அவர், மேற்படி சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு சற்றும் திருப்தியில்லாதது என்று பார்லிமெண்டிலேயே சொன்னார். எழுதியவர்களில் ஒருவர் ஒரு பக்கம், எழுதியவர்களின் தலைவர் மறு பக்கம். டீக்கடைச் சட்ட நிபுணருக்கு முதல்வர் பெயர் மட்டும் ஞாபகமிருக்கின்றது, இரண்டாமவர் சொன்னது மறந்துவிட்டது! இந்த மறதிக்கு என்ன காரணம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

தீர்ப்புக்குப் பின் நடந்தது என்ன? தமிழ்நாட்டு மக்கள் சும்மா இருக்கவில்லை. 1950 ஆகஸ்டிலிருந்தே பெரியாரின் தலைமையில் ஊர் ஊராகக் கூட்டங்களும், கடையடைப்பும், ஊர்வலங்களும் நடந்தன. மாணவர்கள் படிப்பை விட்டு வெளியே வந்தார்கள். கடைசியில், சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வந்து மூன்று மாதம் முடியுமுன், 1951 ஜூனில் அரசியல் சட்டத்துக்கு முதலாவது திருத்தம் செய்யப்பட்டது. பிரதமர் நேரு சென்னையில் நடந்தவைகளைக் காரணமாகக் குறிப்பிட்டார். 15வது பிரிவில் நாலாவது உட்பிரிவு என்று ஒன்று புதிதாகச் சேர்ந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்டவர்களுக்கும், ஷெட்யூல்டு வகுப்பாருக்கும் மலைவாசிகளுக்கும் சர்க்கார் தனி ஏற்பாடு செய்வதை எதுவும் தடுக்காது என்பது அதன் சாரம். இன்றைக்குத் தோழருடைய மகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சிக்கு ஆதாரம் இந்த உட்பிரிவே தவிர எவரும் போட்ட பிச்சையல்ல.

“சட்டம் சரி, யோக்கியதை என்னாவது?” என்பார்கள். இதற்குப் பதிலைப் புஸ்தகத்தில் தேட வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கண்மாய்க் கரையிலேயே இருக்கின்றது. நாரை பறக்காத 48 மடை என்று ஊரார் பெருமையாகச் சொல்லும் ராஜசிங்கமங்கலம் கண்மாயை எல்லோரும் பார்த்திருக்கின்றீர்கள். மடைக்குப் பக்கத்திலுள்ள வயலில் தண்ணீர் தானாகப் பாயும், கடைமடை வயலுக்கு முறை வைத்துத்தான் விடவேண்டும். முறை வைக்காவிட்டால் மடைவாய்க்காரன் மூன்று மூட்டை அதிகம் அறுப்பான், கடைமடைக்காரன் பதர்தான் அறுப்பான். அப்போது மடைவாய்க்காரன் கரையில் நின்றுகொண்டு, “என் வயலின் யோக்கியதையைப் பாருங்கள், உன் வயலுக்கு ஏனப்பா தண்ணீர் முறை?” என்று கேட்டால் எந்த ஊர்ச் சபையாவது ஒப்புமா? முறைத் தண்ணீரை எவனாவது பிச்சை என்று சொல்லுவானா? நீர்ப்பாய்ச்சி மடையை அடைத்துக் கடைமடைக்குத் திருப்பிவிடுவதை எல்லோரும் நியாயம் என்கின்றோம். நெல்லுக்குத் தெரிந்த நியாயம் பிள்ளைக்குத் தெரியக்கூடாதா?

அல்லாடியின் வரலாறே இதற்குச் சாட்சி. அவர் வீட்டில் பணம் இல்லாமலிருக்கலாம். ஆனால் சாஸ்திரி என்று பெயர் கொண்ட தகப்பனார் வீட்டில் எழுத்து இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை படிக்க உட்கார்ந்தால், “உனக்கெதற்கடா படிப்பு, மாட்டை அவிழ்த்து விடு” என்று சொல்ல ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது. கடைமடை வீடுகளில் அப்படிச் சொல்லாத நாள் உண்டா? நாமும் கல்லூரி வாசலை மிதித்தவரல்ல. பழைய புஸ்தகக் கடையில் சட்டப் புஸ்தகம் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தவரே. ஆகவே ஒரு தலைமுறை தாமதமாகத் தண்ணீர் வந்தால் வயல் எப்படி இருக்கும் என்பது நமக்கு அனுபவ பூர்வமாகத் தெரியும்.

பெரிய வக்கீல்கள் ஜெயித்ததால் அது நியாயம் என்பவர்களுக்கு நம் ஜில்லாவிலிருந்தே இன்னொரு வழக்கைக் காட்டுவோம். 1897ல் கமுதி கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்துவிட்டார்கள் என்று இராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். 1899ல் மதுரைக் கோர்ட்டில் நாடார்களுக்கு விரோதமாகத் தீர்ப்பாயிற்று. மனிதன் நுழைந்ததால் உண்டான தீட்டைக் கழிப்பதற்கு 500 ரூபாய் கட்டவேண்டும் என்றும் தீர்ப்பு! அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போய், 1908ல் அங்கும் தோற்றது. சட்டப் புலமைக்கு எங்கே குறைச்சல்? வாதத்திறமைக்கு எங்கே குறைச்சல்? இருந்தும் இன்றைக்கு அந்தத் தீர்ப்பைப் படிப்பவன் எவனும் வெட்கப்படாமலிருக்க முடியாது. அந்தந்தக் காலத்தில் யார் கையில் சட்டமும் வழக்கமும் இருந்தனவோ அவர்களுக்கு ஏற்றபடியே வியாக்கியானமும் இருந்துவந்தது என்பதைத்தான் இது காட்டுகின்றது.

சட்டம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதன் எழுதியது, மனிதன் திருத்துவது. சாதாரண மனிதனுக்கு ஓட்டு என்று சட்டத்திலே எழுதிவைத்த பிறகு, அந்த ஓட்டுக்குப் பயந்தாவது எளியவனுடைய பங்கைக் கவனிக்கவேண்டி வந்துவிட்டது. அல்லாடி ஆதரித்த ஓட்டும், அவர் ஜெயித்த வழக்கும் நேருக்கு நேர் மோதியபோது ஓட்டே ஜெயித்தது. அவருடைய நல்ல காரியம் அவருடைய மற்றக் காரியத்தைத் தோற்கடித்துவிட்டது என்றுதான் நாம் சொல்லுவோம். அவர் 1953ல் காலமானார். திருத்தம் வந்ததைப் பார்த்துவிட்டே போனார்.

1951ல் வழக்கு நடந்தபோது, ஆந்திரத்திலிருந்து மலபார் வரை பரந்து கிடந்த சென்னை ராஜ்யம் முழுவதுக்கும் மருத்துவப் படிப்புக்கு 330 இடங்களே இருந்தன. இன்றைக்கு மழை பொய்க்கும் பூமி என்று பெயரெடுத்த இராமநாதபுரத்திலேயே ஒரு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டிருக்கின்றது. தமிழ்நாட்டின் 69 சதவிகித ஒதுக்கீடு 1994ல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இத்தனை வருஷமாக இங்கே ஒதுக்கீட்டில் படித்தவர்கள்தான் ஆஸ்பத்திரிகளில் பிரசவம் பார்க்கின்றார்கள், பாம்புக் கடிக்கு மருந்து கொடுக்கின்றார்கள். யோக்கியதை கெட்டுப்போய்விடும் என்று சொன்ன ஜோசியம் பலிக்கவில்லை. 2019ல், இதுவரை ஒதுக்கீடு இல்லாத வகுப்புகளிலுள்ள ஏழைகளுக்கு 10 சதவிகிதம் என்று சட்டத் திருத்தம் செய்தபோதும், 2022ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டபோதும், டீக்கடை நிபுணர்கள் யாரும் யோக்கியதை போச்சே என்று மாரடித்துக்கொள்ளவில்லை. அப்போது மட்டும் யோக்கியதை எங்கே போய் ஒளிந்துகொண்டது?

கடைசியாக, நம் திருவாடானைத் தோழருக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை அந்த மனிதர் கேட்டால் வாயடைத்து எழுந்துவர வேண்டியதில்லை. அல்லாடியைத் திட்டவும் வேண்டியதில்லை. “ஆமாம் ஐயா, அவர் பெரிய வக்கீல்தான். அவர் ஜெயித்தது 1951 ஏப்ரல் வரைக்கும். ஜூனில் ஜனங்கள் ஜெயித்துவிட்டார்கள். என் மகள் படிப்பது அந்தச் சட்டத்தின்படி” என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டு, டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மகள் டாக்டராகி வந்த பிறகு, அதே மனிதருக்குக் காய்ச்சல் வந்தால் அவள் நாடி பிடித்துப் பார்க்கத்தான் போகின்றாள். அவர் என்ன ஜாதி என்று அப்போது கேட்கவேண்டாம் என்றும் அவளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

இளைய மகன் ஒருவன் இருக்கின்றான் என்றீர்களே, அவனைச் சட்டம் படிக்க வையுங்கள். அந்த நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கின்றது.